பிட்ஸ்பர்க்கை இரவில் படமெடுக்க எங்கே நிற்பது?

மலைக்கோட்டைக்காரன்:
அடுத்த மாதம் அம்மா அப்பாவைப் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். ராத்திரி அங்கேதான் தங்கல். ஆற்றோரக் கட்டடங்கள் விளக்கோடு நிற்கிற மாதிரி ஒரு நல்ல படம் எடுக்க ஆசை. எங்கே நிற்கலாம், எத்தனை மணிக்கு? அப்பாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டார்.

டிரைபாட் தாத்தா:
கரையில் நிற்காதே தம்பி, மவுன்ட் வாஷிங்டன் மேலே ஏறு. 1877இல் ஓட ஆரம்பித்த டுக்கேன் இன்க்லைன் இருக்கிறது. அப்பாவிடம் "பழனி விஞ்ச் மாதிரி" என்று சொல், புரிந்துவிடும். 400 அடி உயரத்தை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். மேலே போனால், அலெகேனியும் மொனாங்ககேலாவும் கூடி ஒஹாயோ ஆறாகிற முனை அப்படியே கண்முன்னால் விரியும். கீழே மஞ்சள் நிறத்தில் ஃபோர்ட் பிட் பாலம்.

நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூரியன் மறைந்து 20, 25 நிமிடத்தில் வானம் பேனா மை நீலமாகும். பிபிஜி கட்டடத்தின் கண்ணாடிக் கூர்முனைகள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் கூரை எது, வானம் எது என்றே தெரியாது. கேமராவில் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8, ஒளி விழும் நேரம் 10 விநாடி என்று ஆரம்பி. பாலத்தில் கார் விளக்குகள் கோடு கோடாக விழும்.

ஒன்று, நான் பட்ட பாடு. காட்சி மேடை மலையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் போன அன்று ஒரு கல்யாணக் கோஷ்டி அதன் மேல் நடந்துகொண்டே இருந்தது, மேடை அதிர்ந்து கேமராவும் ஆடிவிட்டது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு சன்னலும் இரண்டிரண்டாக இருக்கிறது! ஆட்கள் அசையாமல் நிற்கும்வரை பொறு, 2 விநாடி டைமர் போட்டு எடு.

புளியோதரைப் பிரியை:
கோயிலிலிருந்து சீக்கிரம் கிளம்புங்கள், ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதையில் சாயங்காலம் வண்டி நகராது. கோயில் கேன்டீன் புளியோதரையைக் கட்டிக்கொண்டால் மேலேயே சாப்பாடு முடிந்தது. முனையில் இருக்கிற நீரூற்றைக் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டைக்காரன்:
விஞ்ச் என்றதும் அப்பா இப்போதே தயார்! ஐயா, அதில் டிரைபாட் கொண்டுபோக விடுவார்களா?

டிரைபாட் தாத்தா:
மடக்கிப் பிடித்துக்கொள். என்னை யாரும் கேட்கவில்லை. பெட்டிக்குள் பழைய மரவேலைப்பாடு அருமையாக இருக்கும், அப்பாவை அங்கே உட்கார வைத்தும் ஒன்று எடு.