மறு: பார்ட்டிஷனுக்குத் தமிழ்: தடுப்புச் சுவரா, தட்டியா?

> "தடுப்புச் சுவர்" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல், ஐயா. சாலை நடுவே இருப்பதும் தடுப்புச் சுவர், மலைப்பாதையில் மண் சரியாமல் கட்டுவதும் தடுப்புச் சுவர். பழைய குடியிருப்பை இடித்து மாற்றப் போகிறவர் முதலில் கேட்பது, "இது எடை தாங்குதா?" என்றுதான். சொல்லைப் பார்த்ததும் அது தெரிய வேண்டும்.

மொழிபெயர்க்க என் கையில் இருக்கும் கட்டுரை, பிரான்சின் மார்சே நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய யுனித்தே தபித்தாசியோன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு பற்றியது. 1952இல் முடிந்த கட்டடம், 337 வீடுகள். எடையைச் சுமப்பது கான்கிரீட் சட்டகம். அடுக்கில் புட்டிகளைச் செருகுவதுபோல அதற்குள் வீடுகள். ஓசை பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்க இடையில் ஈயத் துண்டு வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் அறைகளைப் பாருங்கள். வீட்டின் அகலமே 3.66 மீட்டர், அதை இரண்டாகப் பிரித்து நீளவாக்கில் இரண்டு ஒடுங்கிய அறைகள். நடுவே இழுத்துத் திறக்கும் பலகை, அதன் முகத்தில் கரும்பலகை. திறந்துவிட்டால் இரண்டு அறையும் சேர்ந்து விளையாட இடம். இதைப் போய்ச் சுவர் என்பதா? 'இழுதட்டி' என்று வைத்திருக்கிறேன். நிலையாக நிற்பது வெறும் 'தட்டி'.

> தட்டி என்றால் ஓலைத் தட்டிதான் நினைவுக்கு வருகிறது. "தாங்காச் சுவர்" கௌரவமாக இல்லையா?

கௌரவம் இருக்கிறது, அக்கா. ஆனால் ஆசாரியிடம் "தாங்காச் சுவர் வைங்க" என்றால் அவர் வேலையையே விட்டுவிடுவார். பிளைவுட்டில் மறைப்பு வைத்தாலும் தட்டி என்றால் புரியும்.

> இரண்டு வீட்டுக்கு நடுவே? பத்திரத்தில் எழுதுகிற "பொதுச்சுவர்" சரிவருமா?

நம் ஊர் வீடுகளுக்குச் சரி. பொதுச்சுவர் என்றால் இரண்டு பக்க உத்திரமும் அதன்மேல் ஏறலாம் என்று உரிமையும் சேர்ந்து வருகிறது. மார்சேயில் அந்தப் பேச்சே இல்லை. 'வீட்டிடைச் சுவர்' என்றால் போதும். கட்டடத்துக்குள்ளேயே வீடுகளுக்குப் போகும் நடைவழிக்கு வைத்த 'உள்தெரு'வை யாரும் எதிர்க்கவில்லை, அதை முடித்துவிடலாம்.

மிச்சம் ஒன்று. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு பக்கமும் திறக்கும் அலமாரி. அதைப் பிடுங்கினாலும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வடிவமைப்பாளர் சார்லட் பெரியாண்டின் கை பட்ட அந்தச் சமையலறைகளில் ஒன்று இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதனால் பிடுங்குவதற்குமுன் யோசிக்க வேண்டும். தற்போதைக்கு 'இருபுற அலமாரி' என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.