கல்லறை இல்லை, வீடு இருந்தது

ஜெர்மனியில் ரோத்தன்பர்க் என்ற ஊரின் கோட்டை மதிலில் நடந்த அனுபவத்தைச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் போனது அதற்குத் தெற்கே இருக்கும் நோர்ட்லிங்கன் என்ற ஊருக்கு. என் மருமகளின் கொள்ளுப்பாட்டி பிறந்த டைனிங்கன் கிராமம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டியின் கல்லறையில் ஒரு பூச்செடி வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

கல்லறைத் தோட்டத்தை வரிசை வரிசையாக இரண்டு முறை சுற்றினோம். பாட்டி பெயரைக் காணோம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிதான் விவரம் சொன்னார். ஜெர்மனியில் புதைக்கிற இடம் பெரும்பாலும் குத்தகைதான். ஊருக்கு ஊர் 20, 25 ஆண்டு என்று மாறும். பணம் கட்டிப் புதுப்பிக்க ஆளில்லை என்றால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மருமகளுக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனாலும் கையில் செடியோடு நின்றவளைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

குடும்பப் பெயரைச் சொன்னோம். மூதாட்டிக்குப் பிடிபடவில்லை. அப்புறம் மருமகள் தயங்கித் தயங்கி, "பைம் ஷ்மீட் என்று தாத்தா சொல்வார்" என்றாள். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொல்லன் வீடு! அந்தப் பக்கத்தில் வீட்டுக்கென்று தனிப் பெயர் உண்டு. குடியிருப்பவர்கள் மாறினாலும் அது மாறாது. பூர்விகம் தேடிப் போகிறவர்கள் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேவாலயப் பதிவேட்டைப் பார்ப்பதென்றால் பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது புரியாது.

மூதாட்டியே கூட வந்து வீட்டைக் காட்டினார். உலை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. சுவரில் மட்டும் குதிரை கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று. கயிறு உரசி உரசி அடிப்பக்கம் பாதியாகத் தேய்ந்திருந்தது. மருமகள் அதில் விரலை விட்டு அப்படியே நின்றாள். வீட்டுக்காரர் தானே மண்வெட்டி கொண்டுவந்து, வளையத்துக்குக் கீழே செடியை நடச் சொன்னார்.

சாயங்காலம் நோர்ட்லிங்கன் மதிலில் நடந்தோம். சுமார் 2.7 கிலோமீட்டர், எங்கேயும் அறுபடாமல், ஓட்டுக்கூரைக்கு அடியிலேயே ஊரை முழுதாகச் சுற்றி வந்துவிடலாம். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்துக்குள் இருக்கிற ஊர் அது. இன்றும் இரவு பத்து மணிக்கு மேல் தேவாலயக் கோபுரத்திலிருந்து காவலாளி குரல் கொடுக்கிறார். இவ்வளவு இருந்தும் என் மனதில் நிற்பது கோட்டை வாசல்கள்தான். மொத்தம் ஐந்து. அதில் நான்குக்குப் பக்கத்துக் கிராமங்களின் பெயர். ஒன்று டைனிங்கன் வாசல்!

"சந்தைக்கு இந்த வழியாகத்தான் வந்திருப்பார், அத்தை" என்றாள் மருமகள்.

மறுநாள் காலை அதே வாசல் வழியாகக் கிளம்பி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ரயில் பிடித்தோம்.