ஆர்டர் வருகிறது, காசு நிற்கவில்லை: வீட்டுப் பொடி வியாபாரத்தில் எங்கே ஓட்டை?

பொடிக்கடை_திண்டுக்கல்:
வணக்கம். நானும் அம்மாவும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறோம். 8,000 ரூபாயில் ஆரம்பித்தோம். சீலிங் மிஷின், பவுச், ஸ்டிக்கர், முதல் சரக்கு என்று போக இப்போது கையில் 2,500 இருக்கிறது.

ஆர்டருக்குக் குறைவில்லை. பெரும்பாலும் சென்னை, கோவை, கொஞ்சம் பெங்களூர். ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் அடுத்த தடவைக்குப் பருப்பு வாங்கவே இழுபறியாக இருக்கிறது. தெரிந்த ஒருவர், வெப்சைட் இல்லாததுதான் காரணம், 15,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன், தவணையில் கொடு என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? இல்லை, பொடி விலையை ஏற்ற வேண்டுமா?

மசாலா_அக்கா:
முதலில் அந்த 15,000 பேச்சை ஓரமாக வையும்மா. ஆர்டர் வராதவர்களுக்குத்தான் கடை வாசல் பிரச்சினை. உனக்கு ஆர்டர் வருகிறது, காசு வேறு வழியாகப் போகிறது. ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்து, அது உன் வீட்டை விட்டுக் கிளம்பும்வரை ஆகும் செலவை எல்லாம் எழுது. கேஸ், கொரியர் எதையும் விடாதே.

பொடிக்கடை_திண்டுக்கல்:
எழுதினேன் அக்கா. 200 கிராம் பாக்கெட் விலை 120, கொரியருக்கென்று 50 தனியாக வாங்குகிறோம். மொத்தம் 170 வருகிறது. பொருளும் கேஸும் 52. பவுச், ஸ்டிக்கர் 9. அட்டைப்பெட்டி 12. ஸ்பீடு போஸ்ட் சராசரியாக 85. ஆக 158. மிச்சம் 12 ரூபாய்! இதில் எங்கள் இரண்டு பேர் கூலியும் இல்லை.

கவுண்டர்_அண்ணன்:
நான் கொரியர் கவுண்டரில் வேலை பார்த்தவன். உங்கள் ஓட்டை அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

ஸ்பீடு போஸ்ட் கட்டணம் எடை அடுக்கு வைத்துத்தான். 50 கிராம் வரை ஒன்று, 51 முதல் 250 வரை ஒன்று, 251 முதல் 500 வரை அடுத்தது. பொடி 200 கிராம்தான். ஆனால் பெட்டி, டேப், உள்ளே திணித்த பேப்பர் எல்லாம் சேர்ந்து 250-ஐத் தாண்டிவிடும். அப்புறம் 270 கிராம் என்றாலும் 500 கிராமுக்குரிய பணம்தான். நீங்கள் ஒவ்வொரு பார்சலிலும் 200 கிராமுக்கு மேல் காலி இடத்துக்குக் காசு கட்டுகிறீர்கள்.

பொடி உடைகிற பொருள் இல்லை. பவுச்சை நன்றாகச் சீல் வைத்து, காற்றை அழுத்தி எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் கொரியர் கவரில் போட்டால் போதும். ஒற்றைப் பாக்கெட் 250-க்குள் அடங்கிவிடும். இரண்டு பாக்கெட் சேர்த்தால் 450-க்குள் நிற்கும், இப்போது கட்டுகிற அதே 85-தான். சமையலறைத் தராசில் ஒட்டிய பிறகு நிறுத்துப் பாருங்கள், ஒட்டும் முன் அல்ல.

பொடிக்கடை_திண்டுக்கல்:
அண்ணே, போன மாதம் ஒரு தனியார் கொரியரில் முக்கால் கிலோ பார்சலுக்கு ஒன்றரைக் கிலோ போட்டார்கள். சண்டை போடாத குறைதான். அதுவும் பெட்டியாலா?

கவுண்டர்_அண்ணன்:
ஆமாம். தனியார் பலர் கன அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 30×20×12 பெட்டி என்றால் 1.44 கிலோ கணக்கு. உள்ளே பஞ்சு இருந்தாலும் அதே பில்தான். இரண்டில் எது அதிகமோ அதை எடுப்பார்கள்.

மசாலா_அக்கா:
அண்ணன் சொன்னபடி இரண்டு பாக்கெட்டாகக் கணக்குப் போட்டேன். வரவு 240-உம் கொரியர் 50-உம், 290. பொருள் 104, பவுச் 18, கவர் 4, ஸ்பீடு போஸ்ட் 85, ஆக 211. மிச்சம் 79. விலையில் ஒரு ரூபாய் கூட ஏற்றவில்லை, பார். 'இரண்டு பொடி ஜோடி' என்று வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் முதல் இடத்தில் வை. வெப்சைட் செய்கிற வேலையில் பாதியை அந்தக் கேட்டலாகே காசில்லாமல் செய்யும். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால், உன் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் பார்சலுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் 'இந்த எண்ணைச் சேமியுங்கள்' என்று எழுதிப் போடு.

வேகமா_வளரணும்:
இதெல்லாம் சில்லறை. 2,500 ரூபாயையும் இன்ஸ்டா விளம்பரத்தில் போட்டு, கேஷ் ஆன் டெலிவரி கொடுங்க. ஆர்டர் கொட்டும்.

மசாலா_அக்கா:
கொட்டும் தம்பி, திரும்பியும் வரும். வாங்க மறுத்த பார்சலுக்குப் போக, வர இரண்டு செலவும் அவள் தலையில். தின்கிற பொருள், திரும்பி வந்ததை மறுபடி விற்கவும் மனசு வராது. கையில் 2,500 இருக்கிறவள் முன்பணம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதே, வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கவரை ஒட்டு.

கணக்கர்:
யாரும் கேட்காத ஒன்று. பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா? சிறு தயாரிப்பாளர் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த ஆணையத்தின் ஃபோஸ்காஸ் தளத்தில் நீங்களே செய்யலாம். ஏஜென்ட் 2,000 கேட்டால் அது அவர் கூலி. வரும் 14 இலக்க எண்ணை ஸ்டிக்கரில் போட வேண்டும். சேர்மானங்கள், நிகர எடை, எம்ஆர்பி, பேக் செய்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், முகவரி, போன் எண், சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவும் முழுக்க இலவசம், அதற்கும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெங்களூர். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். பெரிய விற்பனைத் தளங்களிலும் 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம்.

பொடிக்கடை_திண்டுக்கல்:
சார், எஃப்எஸ்எஸ்ஏஐ இருக்கிறது, பச்சைப் புள்ளியும் சேர்மானமும் ஸ்டிக்கரில் இல்லை. அடுத்த அச்சில் சேர்க்கிறேன். பெங்களூர் விஷயம் இப்போதுதான் தெரிகிறது. மாதம் நாலைந்து ஆர்டர்தான், அதற்காகப் பதிவு செய்து கணக்குத் தாக்கல் செய்வது கட்டுப்படியாகுமா?

கணக்கர்:
இப்போதைக்கு ஆகாது. பதிவு இலவசம், ஆனால் விற்பனை இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம். பெங்களூரை நிறுத்திவிட்டு, சென்னை, கோவையில் ஜோடிப் பாக்கெட்டை ஓட்டுங்கள். பெங்களூரிலிருந்து மாதம் முப்பது, நாற்பது என்று கேட்க ஆரம்பித்தால் அப்போது பதிவு செய்யலாம்.

பொடிக்கடை_திண்டுக்கல்:
சரி சார். ஒரே பாக்கெட்தான் வேண்டும் என்பவர்களை என்ன செய்வது அக்கா? மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

மசாலா_அக்கா:
மறுக்காதே. ஒற்றைக்கு கொரியர் 75, ஜோடிக்கு 50 என்று கேட்டலாகிலேயே எழுதிவிடு. எது வேண்டுமென்று அவர்களே முடிவு செய்யட்டும். வெப்சைட்காரரிடம் தீபாவளி முடியட்டும் என்று சொல்லிவை.