எலுமிச்சைத் தோலில் புள்ளி விழுது, வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, வணக்கம். புளியங்குடி பக்கம் நமக்கு ரெண்டு ஏக்கர் எலுமிச்சை. விலை இறங்கிட்டுன்னு நாலு பெட்டிக் காயைக் குளிர்பதனக் கிட்டங்கியில 5 டிகிரியில வச்சேன். கொஞ்ச நாள்லயே தோல் குழிகுழியா உள்வாங்கி, பழுப்படிச்சிட்டு. எலுமிச்சைக்கு 9, 10 டிகிரியாவது வேணும்னு பொறவுதான் தெரிஞ்சுது. மனசே ஆறல.

இன்னொண்ணு. விடியக்காலம் பனி ஈரத்தோட பறிச்ச காயில, விரல் அழுந்துன இடமெல்லாம் தோல் எண்ணெய் கசிஞ்சு கருகுன தடம். வெயில் ஏறிப் பறிச்சதுல அது இல்ல. இனி ஈரம் காஞ்ச பொறவுதான் பறிப்பு.

கிட்டங்கி இல்லாம, ஈரமணல்லயோ ஓட்டை போட்ட பாலிதீன் பையிலயோ மூணு வாரம் தோல் கெடாம வச்சவங்க இருக்கீங்களா? பைக்கு எத்தனை ஓட்டை? அடியில என்ன விரிச்சீங்க? மரத்துல இன்னும் பாதிக் காய் நிக்கு, சீக்கிரம் சொல்லுங்க.