மறு: குறியாக்கிய பி.எச்.பி கோப்பு: வேறு சொல் வேண்டும்

வணக்கம். மூலநிரலைப் பிறர் படிக்க முடியாதபடி அயன்கியூப் போன்ற 'என்கோடர்' மென்பொருளால் மாற்றிய பி.எச்.பி (இணையதள நிரல்மொழி) கோப்பை ஆங்கிலத்தில் 'என்கோடட்' என்பார்கள். அதை ஓட்ட 'லோடர்' என்ற துணை மென்பொருள் வேண்டும். இவற்றுக்கு என்ன தமிழ்ச் சொல் என்பதுதான் பேச்சு.

> என்கோட் என்றால் குறியாக்கம். புழக்கத்தில் உள்ள சொல் இருக்கப் புதிது எதற்கு?

அந்தச் சொல்லை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளான யு.டி.எஃப்-8 வகையறாவுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். 'இந்தக் கோப்பு குறியாக்கப்பட்டது' என்று படிப்பவர் எடிட்டரில் திறந்து யு.டி.எஃப்-8 ஆகச் சேமித்துப் பார்ப்பார். அதில் கோப்பு கெட்டுப்போகலாம்; கெட்டால் அயன்கியூப் லோடர் 'சிதைந்த கோப்பு' என்று நின்றுவிடும். சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஃப்.டி.பியில், உரைக்கான ஆஸ்கி முறையில் ஏற்றினாலும் இதே கதிதான், எதையும் மாற்றாத பைனரி முறையில் ஏற்ற வேண்டும். கிட் (Git) என்ற பதிப்புக் காப்புக் கருவியில் வைத்தால் இந்தக் கோப்புகளுக்கு வரிமுடிவு மாற்றத்தை அணைத்துவிட வேண்டும்.

> அப்படியானால் மறையாக்கம் (என்கிரிப்ஷன்)?

பாதிதான் சரி. என்கோடர் முதலில் மூலநிரலைத் தொகுத்து பைட்கோடாக்குகிறது (பி.எச்.பி ஓட்டும் இடைநிலைக் கட்டளைகளாக்குகிறது). மறைப்பது அதற்குப் பிறகு. லோடர் அந்த பைட்கோடை நினைவகத்தில் ஓட்டுகிறதே தவிர, மூலநிரலை மீட்டுத் தருவதில்லை. மறையாக்கம் என்றால் சாவி கிடைத்ததும் பழைய உரை அப்படியே வந்துவிடும் என்றல்லவா தோன்றும்? பேஸ்64 (தரவை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை), ஈவால் (உரையை நிரலாக ஓட்டும் கட்டளை) போட்டுச் சுற்றிய கோப்பு வேறு இனம். அதற்கு லோடரே வேண்டாம். 'குழப்பிய நிரல்' என்று அதைத் தனியே வைப்போம். (தீநிரல்கள் விரும்பி உடுத்தும் உடை அது.)

என் பரிந்துரை: 'பூட்டிய நிரல்'. வினை, நிரலைப் பூட்டு. என்கோடர், நிரல்பூட்டி. லோடருக்குத் 'திறவி' என்று வாய்வரை வரும். ஆனால் அது எதையும் திறந்து காட்டுவதில்லை. 'ஏற்றி' போதும்.

நிறுவல் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

"பூட்டிய நிரலை ஓட்ட, உங்கள் பி.எச்.பி பதிப்புக்கும் கணினியின் செயலிக்கும் (பிராசசர்) பொருந்தும் ஏற்றியை நிறுவுக. இழைப்பாதுகாப்புள்ள (திரெட் சேஃப்) பி.எச்.பிக்கு ஏற்றி வேறு. அதைச் சாதாரண நீட்சியாகச் சேர்க்காமல், செண்ட் நீட்சியாக (zend_extension), தொகுத்த நிரலைச் சேமித்து வைக்கும் ஓபிகேஷுக்கு (OPcache) முன்னால் சேர்க்கவும். டெபியன் லினக்ஸில் அமைப்புக் கோப்பின் பெயரை 00 என்று தொடங்கினால் வரிசை தானாக அமையும். கட்டளைவரிக்கும், தளத்துக்காக பி.எச்.பியை ஓட்டும் சேவையான எஃப்.பி.எம்முக்கும் அமைப்பு அடைவு தனித்தனி. இரண்டிலும் சேர்த்து, எஃப்.பி.எம்மை மீளத் தொடங்குக."

கட்டளைவரியில் பி.எச்.பி பதிப்பைக் கேட்டால் ஏற்றியின் பெயர் வரும், தளமோ ஏற்றி இல்லை என்றே சொல்லும். காரணம் பெரும்பாலும் குறிப்பின் அந்தக் கடைசி இரண்டு வரியைப் பின்பற்றாததுதான்.

> பூட்டு என்றால் ஃபைல் லாக் ஆகிவிடாதா?

கோப்பைப் பூட்டுவது (ஒருவர் எழுதும்போது மற்றவர் தொடாமல் தடுப்பது) வேறு, நிரலைப் பூட்டுவது வேறு. அதனால் 'பூட்டிய கோப்பு' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். பி.எச்.பி 7.4க்குப் பூட்டியது 8.1இல் ஓடாது, 8.0க்கோ அயன்கியூப் ஏற்றியே வரவில்லை. பதிப்பை உயர்த்திவிட்டுத் தவிப்பவருக்கு '8.1க்கு மீண்டும் பூட்டித் தரச் சொல்லுங்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதலாம். 'மீண்டும் குறியாக்கித் தரச் சொல்லுங்கள்' என்றால் எழுத்துரு மாற்றியைத் தேடப் போய்விடுவார்.