பத்தாம் வகுப்பு வந்தால் கொயரை நிறுத்த வேண்டுமா? எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் சனிக்கிழமை சர்ச் கொயர் (பாடகர் குழு) பிராக்டிஸில் நாலைந்து முகங்கள் குறைந்துவிடும். "பத்தாவது, டியூஷன் இருக்கு" என்பார்கள். என் மகளுக்கு அந்த வருஷம் வந்தபோது எங்கள் வீட்டிலும் அதே பேச்சு வந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சண்டே ஸ்கூலில் தொடங்கி சொப்ரானோ, அதாவது மேல்குரல் பாடிக்கொண்டிருந்தவள். எட்டாம் வகுப்பில் கொயர் மாஸ்டர் குரலைச் சோதித்துப் பார்த்து, அதற்குக் கீழே உள்ள ஆல்டோவுக்கு மாற்றினார். அவளுக்குப் பிடிக்கவே இல்லை. சொப்ரானோவுக்குத்தான் ராகம் கிடைக்கும். ஆல்டோ பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே நிற்கும். தனியாகக் கேட்டால் அது எந்தப் பாட்டு என்றே தெரியாது. வீட்டில் அவள் பழகுவதைக் கேட்டால் "ஸோ ஸோ ஸோ லா ஸோ" என்று ஒரே இடத்தில் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். பாமாலை என்கிற சர்ச் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். பிள்ளைகளுக்கு ஆச்சியான என் அத்தைதான் எப்போதும் பாட்டை எடுத்துக்கொடுப்பார்கள். ஒருநாள் எல்லோரும் ராகத்தைப் பாடும்போது இவள் மட்டும் ஆல்டோவை எடுத்தாள். அத்தை பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"ஏட்டி, ராகத்தையே விட்டுட்டியே, என்ன பாட்டு இது?"

"நீங்க உங்க ராகத்தையே பாடுங்க ஆச்சி. என்னைப் பாக்காதீங்க. நான் கீழ வாறேன்."

மறுபடி தொடங்கினோம். முதல் இரண்டு வரி தடுமாற்றம்தான். அத்தையின் குரல் இவள் பக்கம் இழுபடும், இவள் குரல் அங்கே போகும். மூன்றாவது வரியில் இரண்டும் சேர்ந்து நின்றது. அத்தை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இன்னொரு சரணம் பாடலாம் என்றார்கள். புத்தகம் பார்க்காமலே எல்லாப் பாமாலையும் பாடுகிறவர்கள். ஆனால் அந்தப் பாட்டை அப்படி அவர்கள் கேட்டதில்லை.

பிள்ளை கொயரில் எதைக் கற்றாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவர் வேறொன்றைப் பாடும்போது, அதைக் காதில் வாங்கிக்கொண்டே தன் சுரத்தை விடாமல் நிற்பது. டியூஷனில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

பாட்டு கற்றுக்கொள்ளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கொயரில் டோனிக் ஸோல்ஃபாதான், சுரங்களை டோ, ரே, மீ என்று சொல்லிப் பாடுகிற முறை. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்பவர் பரப்பிய முறை. 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கலாம், நம்முடைய 'ஸ' மாதிரியே. அதனால் கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளிவரிசை பாடிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டு கிளாஸுக்குப் போகிற பிள்ளைக்குக் கொயரால் குழப்பம் வருமோ என்று பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் கொயர்க்காரர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பாமாலை வெளிநாட்டு மெட்டு, நாலு பார்ட்டில், அதாவது நாலு குரல் வரிசையாகப் பிரிந்து பாடினால்தான் அழகு. கீர்த்தனை அப்படியல்ல. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியாருடைய கீர்த்தனைகள் நம்முடைய ராகங்களில் பிறந்தவை. நாலு பார்ட் சேர்ந்து நிற்க, ஒவ்வொரு சுரமும் அசையாமல் இருக்க வேண்டும். கமகமோ சுரத்தை அசைப்பதுதான். நாற்பது பேர் நாற்பது விதமாக அசைத்தால் ஒன்றும் சேராது; அசைக்காமல் பாடினால் ராகம் போய்விடும். சங்கராபரணம் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போவதால் ஓரளவு தாங்கும். கமகத்தில் நிற்கிற தோடியிலும் ஆனந்தபைரவியிலும் கை வைக்கக் கூடாது. கீர்த்தனையை எல்லோரும் ஒரே குரலில், அத்தை பாடுகிற மாதிரி பாடட்டும்.

மகனுக்குப் பதிமூன்று வயதில் குரல் உடைந்தது. குரல்வளை வளர்கிற பருவம். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பேசும்போதே கீச்சென்று போகும். பையன்கள் பெரும்பாலும் அப்போதுதான் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். மாஸ்டர் அவனை நிறுத்தவில்லை. மேல் சுரங்களைத் தொடவே கூடாது, வருகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் பாடு, மற்ற நேரம் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் உட்கார்ந்து காதால் கேள் என்றார். இப்போது பேஸில்தான் நிற்கிறான்.

இனி பத்தாம் வகுப்புக்கு வருகிறேன். இடைஞ்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸும் ஒன்றாக வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேனில் வீடு வீடாகப் போய், பனியில் நின்று பாடி, ஒவ்வொரு வீட்டிலும் காப்பியும் கேக்கும் முறுக்குமாக, திரும்பி வரும்போது விடியப்போகும். மறுநாள் கணக்குப் பரீட்சை என்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? பொதுத்தேர்வு நேரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து வந்துவிடும், பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் பிராக்டிஸ் கூடும்.

நாங்கள் மாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசினோம். கேரலுக்கு எங்கள் தெருப் பக்கம் வருகிற ராத்திரி மட்டும் போவாள், பரீட்சை முடிந்த பிறகு மற்ற இடங்களுக்கும் போவாள். சனிக்கிழமை பிராக்டிஸை விடமாட்டாள். லெந்துவில் புதுப் பாட்டு வேண்டாம், தெரிந்ததை மட்டும் பாடட்டும். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "இப்படி வந்து கேட்டா நான் எல்லாப் பிள்ளையளையும் வச்சுக்கிடுவேனே, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

கொயரால் மார்க் கூடியது என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாடிவிட்டு வந்த பிள்ளை ராத்திரி சண்டை போடாமல் புத்தகத்தை எடுத்தாள், அதைப் பார்த்தேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அவள் கத்தாமல் இருந்த நாள் அதுதான்.

உங்கள் பிள்ளைக்கும் இந்த ஜூனில் பத்தாவது என்றால், கொயரிலிருந்து பெயரை எடுப்பதற்கு முன்னால் மாஸ்டரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதை விடலாம், எதை விட முடியாது என்பதை அவளே சொல்லட்டும்.