மறு: சொத்துத் தரகரா, சொத்து முகவரா? உரிமமா, பதிவா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் சொற்பட்டியலில் ‘ப்ராப்பர்ட்டி ஏஜென்ட்’ என்பதற்குச் ‘சொத்து முகவர்’ என்று வைப்பது பற்றி வந்த கேள்வி இது:

> ‘தரகர்’ எல்லாருக்கும் தெரிந்த நல்ல தமிழ்ச்சொல். அதை விட்டுவிட்டு ‘முகவர்’ எதற்கு?

தரகர் என்ற சொல்லைத் தாழ்வாக நினைத்து நான் ஒதுக்கவில்லை. பல்லவர் செப்பேடுகளின் வரிப் பட்டியலிலேயே தரகு வருகிறது. அவ்வளவு பழைய சொல். சிக்கல் பொருளில்தான். தரகர் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவர். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, நம் ஊர் வழக்கப்படி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வார். முகவர் அப்படியல்ல. ஒருவருக்காக, அவர் முகமாக நின்று இன்னொருவரிடம் பேசுபவர். காப்பீட்டு முகவரும் வாக்குச்சாவடி முகவரும் அப்படித்தானே?

நாம் இப்போது சொல் தேடுவது சிங்கப்பூர் விதிகளுக்கு. அங்கே ஒரே வீட்டின் விற்பனையிலோ வாடகையிலோ ஒருவரே இரு பக்கத்துக்கும் வேலை செய்யக் கூடாது. 2010இல் வந்த கட்டுப்பாடு இது. அந்த ஆளைத் தரகர் என்று எழுதினால், எதைச் செய்யக் கூடாதோ அதையே அவருக்குப் பெயராக வைத்தது போலாகும்.

ஒருவரே இரு பக்கத்துக்கும் முகவராக இருக்கும் அந்தத் தடைபட்ட செயலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘இருதரப்பு முகவாண்மை’ என்று வந்த பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. இருதரப்பு ஒப்பந்தம், இருதரப்புப் பேச்சு என்று அது நல்ல காரியத்துக்கே பழகிவிட்டது. ‘இருபக்க முகவாண்மை’ என்றால், ரெண்டு பக்கமும் வாங்குகிறான் என்ற பேச்சு உடனே நினைவுக்கு வரும்.

சரி, அடுத்தது லைசென்ஸ்: அதை உரிமம் என்பதா, பதிவு என்பதா? என் அக்கா மகள் சிங்கப்பூரில் சொத்து முகவர் ஆவதற்கான தேர்வை எழுதினாள். அவளுக்காகத் தமிழில் குறிப்பு எடுத்ததில்தான் எனக்கு இந்த அக்கறையே வந்தது. தேறியதும் ‘லைசென்ஸ் வந்தாச்சு’ என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம். வரவில்லை. தேறியவர் ஒரு நிறுவனத்தில் சேர வேண்டும். அதன் வழியாகத்தான் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சிஇஏ என்ற அரசு அமைப்புக்கு விண்ணப்பம் போகும். உரிமம் நிறுவனத்துக்கு, பதிவு ஆளுக்கு. எண்ணைப் பார்த்தாலே தெரியும்: நிறுவனத்தின் எண் ‘எல்’ எழுத்தில் தொடங்கும், ஆளின் எண் ‘ஆர்’ எழுத்தில். ஒரே சமயத்தில் இரண்டு நிறுவனங்களில் பதிவு செய்துகொள்ளவும் முடியாது. இரண்டையும் நாம் ‘உரிமம்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் நிறுவனமே இல்லாமல் தனியாகத் தொழில் செய்யலாம் என்று நினைத்துவிடுவார்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கான சிங்கப்பூர்ச் சட்டம் ‘எஸ்டேட் ஏஜென்ட்’ என்பது நிறுவனத்தை. ஆளை ‘சேல்ஸ்பர்சன்’ என்கிறது. அப்படியே பெயர்த்தால் ஆள் ‘விற்பனையாளர்’ ஆகிவிடுவார். வீட்டை விற்பவர் உரிமையாளர் அல்லவா? வாடகைக்கு வீடு தேடுபவருக்காக அலைகிறவரை எப்படி விற்பனையாளர் என்பது? ஆகவே ஆளுக்குச் ‘சொத்து முகவர்’, நிறுவனத்துக்குச் ‘சொத்து முகமை’ என்று வைப்போம். முன்னதைச் சிங்கப்பூரில் ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். செய்தி முகமை என்று பழகியிருப்பதால் பின்னதும் உறுத்தாது.

வீடு, மனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் 2016 ரெரா சட்டத்துக்கு இந்தப் பிரிவினை தேவையில்லை. அதன் 9ஆம் பிரிவு பேசுவது பதிவைத்தான். தனியாளும் நிறுவனமும் ஒரே வகையில் பதிவு செய்யலாம். வரையறையிலேயே தரகரும் இடைத்தரகரும் அடக்கம் என்பதால், அந்தச் சட்டம் பற்றி எழுதும்போது மட்டும் தரகர் என்பதை மாற்றுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ‘பதிவு முகவர்’ என்று சுருக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்பேன். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பவர் பத்திரப் பதிவுக்கு அலையும் ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீளமானாலும் ‘பதிவுபெற்ற சொத்து முகவர்’ என்றே பட்டியலில் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.